கீழ்த்தளத்து அறை

சூரிச்சிலிருந்து ஹூர்லிமான் அம்மாள் போனில் கூப்பிட்டபோது பெர்னதெத்தின் ஒரு கையில் அப்பாவின் நனைந்த படுக்கை விரிப்பு இருந்தது. மறு கையால் எடுத்துப் பேசினாள். விரிப்பைக் கீழே போட்டிருக்கலாம். போட்டால் தரையையும் துடைக்க வேண்டும்.

அந்த அம்மாளுக்கு ஆகஸ்டில் இவள் வீட்டில் வாடகைக்கு அறை வேண்டும். வெளியே பிப்ரவரிப் பனி ஜன்னல் மட்டத்துக்கு நிற்கிறது. அவரோ சாயங்கால வெயிலுக்கு எந்தப் பக்கம் நாற்காலி போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். மலைமேல் இருக்கும் கால்ட்மட்டன் ஊரில் கார் கிடையாது. அதற்காகவேதான் வருகிறார்களாம். காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ரோப் காரில் ஏறிவிட்டால் போதுமாம், நெஞ்சு லேசாகிவிடுமாம்.

“காலையில மாட்டு மணிச் சத்தம் கேக்குமாங்க?”

“கேக்கும். மாடு இருக்குல்ல.”

“கொஞ்சம் கழட்டி வைக்க முடியாதா? நாங்க எழுந்திரிக்கிற வரைக்கும்தான்.”

அந்த அம்மாளின் அடுத்த புகார் மாதா கோயில் மணி. அதற்கடுத்து சாணம். ஊருக்குள் ஓடும் பேட்டரி வண்டிகள் ‘உய்ங்’ என்று கத்துகின்றனவாமே, அதுவும் வந்தது. கார்ப் புகை ஆகாது என்று மலையேறி வருகிற ஜனங்கள், வந்து இறங்கியதும் மாட்டைப் பார்த்து மூக்கைப் பொத்துவார்கள். வருஷா வருஷம் பார்க்கிற கூத்துதான்.

“அப்புறம், கீழ்த்தளத்து அறைதான் எங்களுக்கு வேணும். எங்க வீட்டுக்காரருக்கு முட்டியில ஆபரேஷன், படி ஏற முடியாது. போன இலையுதிர் காலத்துல வந்து பாத்தோமே, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா... தப்பா நினைக்காதீங்க, அதுல ஒரு வாடை. ஆஸ்பத்திரி மாதிரி.”

“பாத்துச் சொல்றேன்” என்று வைத்துவிட்டாள்.

வாடை அப்பாவுடையது. அவர்கள் பார்க்க வந்த அன்று அப்பா ஓடிலோவைச் சமையலறையில் உட்கார வைத்து, ஜன்னலெல்லாம் திறந்து, படுக்கைக்கு அடியில் லாவெண்டர் பை வைத்திருந்தாள். அதையும் மீறி அந்த மூக்கு கண்டுபிடித்துவிட்டது. அன்றைக்கு அவர் தட்டுத் தடுமாறியாவது நடந்தார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் பேச்சைக் கேட்பதில்லை.

மத்தியானம் தம்பி கிலியான் வந்தான். ரோப் கார் நிலையத்துக்கு அவன்தான் பொறுப்பு; ஊர்ச் சபையிலும் இருக்கிறான். பனிச் சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து, பலகையிலிருந்த சீஸை வெட்டி வாயில் போட்டுக்கொண்டான்.

“சூரிச்சம்மா எனக்கும் போன் பண்ணுச்சு. அறை உண்டுன்னு சொல்லிட்டேன்கா.”

“அப்பா எங்கடா போவாரு?”

“கீழ அடிவாரத்து முதியோர் இல்லத்துல சொல்லி வச்சிருக்கேன். கோடை முடியிற வரைக்கும்தான். பிடிச்சுப் போச்சுன்னா அங்கயே இருக்கட்டுமே.”

பிடிச்சுப் போச்சுன்னா! சீஸை மென்றுகொண்டே அவன் அதைச் சொன்ன விதம் பெர்னதெத்துக்குத் தாங்கவில்லை. அந்த அறையில்தான் அவனும் அவளும் பிறந்தார்கள். அப்பா கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், அங்கேயே கண்ணை மூட வேண்டும்.

“எதுல கொண்டு போவ?”

“காலையில ரோப் காரோட சரக்கு வண்டியில. வேற எதுல? விதி தெரியும்ல.”

விதி தெரியும். போன வருஷ ஊர்க்கூட்டத்தில் அது கடைசியாக வந்த விஷயம். குப்பைப் பைகள், படுத்த நோயாளி, சவப்பெட்டி, இவை விருந்தினர் ஏறும் வண்டியில் வரக்கூடாது. அவர்கள் கண்ணில் படுவதற்கு முன்னால் சரக்கு வண்டியில் இறக்கிவிட வேண்டும். கிலியான்தான் எழுந்து நின்று படித்தான். பக்கத்து அறையில் சீஸ் உருகுகிற மணம் வந்துகொண்டிருந்தது. கால்ட்மட்டனில் கடைசி விஷயத்தை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள், சாப்பாடு ஆறிவிடும். கைகள் தூக்கப்பட்டன. பெர்னதெத்தும் தூக்கினாள். காது மந்தமான அப்பா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தானும் தூக்கினார். அடுத்த மாதமே பேக்கரி ஃபிலோமினா செத்துப்போனாள். ஓட்டல்காரர்கள் கட்டிப்போட்ட மீன் குடல் பைகளுக்கு நடுவே அவள் பெட்டி இறங்கியது. ஊரே தொப்பியைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றது. நாற்றம் அப்படி.

“அவர் குப்பையாடா?” என்றாள் பெர்னதெத்.

“சும்மா கத்தாத. அவரும் கை தூக்கினவர்தான்.” கிலியான் இன்னொரு துண்டு வெட்டினான். “கோடைக்கு ஆள் வரலைன்னா வீட்டை எப்படிக்கா நடத்துவ? வாய் கிழியப் பேசலாம்.”

மறுபடியும் போன். சூரிச்தான். முடிவு தெரிந்தால் மற்ற ஏற்பாடுகளைப் பார்க்கலாமாம். பெர்னதெத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கேட்டுக்கங்க. கீழ்த்தளத்து அறையில எங்கப்பா படுத்திருக்காரு. ஒண்ணுக்குக்கூடப் படுக்கையிலேயே போவாரு. நீங்க சொன்ன வாடை அதான். அவரை நான் எங்கயும் அனுப்பப்போறதில்ல.”

கிலியான் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். இந்த அறைப் பேச்சு தொலைந்தது என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

“அடடா, பாவமே” என்றது குரல். உண்மையாகவே இரக்கப்பட்ட குரல்தான். “ரொம்ப முடியலையா? டாக்டர் என்ன சொல்றாரு? இல்ல... ஆகஸ்டுக்கு இன்னும் நாள் கிடக்கே. அதுக்குள்ள எப்படியும்... நாங்க வேணா காத்திருக்கோம், அவசரமில்ல.”

அது சமையலறை முழுக்கக் கேட்டது. கிலியான் வாயைத் துடைத்துக்கொண்டு, “அவங்க கேக்குறதுலயும் நியாயம் இருக்கு” என்றான் மெதுவாக.

பெர்னதெத்துக்கு அந்த அம்மாளையும், தின்றுகொண்டிருக்கும் இவனையும், அன்றைக்குத் தூக்கின தன் கையையும் சேர்த்துக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. எழுந்தாள். “நீங்களே அவரைக் கேளுங்க” என்று போனோடு கீழ்த்தளத்து அறைக்குப் போய், அப்பாவின் காதோடு வைத்து அழுத்தினாள்.

ஓடிலோ கண் திறந்தார். காதில் என்ன விழுந்ததோ, முகம் மலர்ந்தது. போனைத் தானே பிடித்துக்கொண்டார்.

“வாங்கம்மா, வாங்க” என்றார். “இடம் இருக்கு. தாராளமா இருக்கு.”

போனைக் காதிலிருந்து எடுக்காமலே, மறு கையைப் படுக்கையில் ஊன்றி, உயிரில்லாத இடுப்பை இழுத்து இழுத்துச் சுவர் ஓரமாக நகர்ந்தார். பாதிக் கட்டில் காலியானது. மூச்சிரைக்க, ஈரமாயிருந்த அந்த இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார்.