பாட்டிலுக்குள் ஒரு பனியன்

லேப் அக்காவின் வீட்டுக்காரர் லைட் வாங்கப் போகிறேன் என்று ஆரம்பித்துப் பதினாலு மாதம் ஆகிறது. பதினாலு மாதத்தில் ஒரு குழந்தை பிறந்து, தவழ்ந்து, எழுந்து நடந்து, வீட்டில் நாலு சாமானைப் போட்டு உடைத்தும் இருக்கும். அவர் இன்னும் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்படி என்ன பெரிய லைட்? மாளிகைக்கா, மைதானத்துக்கா? உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கண்ணாடி பாட்டிலைப் போட்டோ எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அந்த மகானுபாவர் பார்த்த வீடியோ எண்ணூறாவது இருக்கும். உட்கார்ந்து உட்கார்ந்து சோபாவின் இடது பக்கத்தில் குழி விழுந்துவிட்டது. கெல்வின் என்பார், சிஆர்ஐ என்பார், லூமன் என்பார். கேட்கிறவன் இவர் பெரிய ஸ்டுடியோ வைத்து நடத்துகிறார் என்று நினைத்துக்கொள்வான். இதுவரை இவர் எடுத்த போட்டோக்களில் பாதியில் ஆளுக்குத் தலை இருக்காது, மீதியில் இவர் விரல் இருக்கும்.

"குறைஞ்ச விலைல நல்ல லைட் வாங்கறதுதான் கஷ்டம். காசு இருக்கறவன் கண்ண மூடிட்டு வாங்கிடுவான். நாமதான் மூளைய உபயோகிக்கணும்" என்பார்.

உபயோகித்திருந்தால்தானே.

லேப் அக்கா என்பது பள்ளிக்கூடத்தில் அவளுக்கு விழுந்த பெயர். பத்தொன்பது வருஷமாகக் கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளர். குடுவை, குழாய், பாட்டில் என்று பிள்ளைகள் அழுக்காக்கியதையெல்லாம் கழுவுவாள், துடைப்பாள், அலமாரியில் அடுக்குவாள், ஒவ்வொரு பாட்டிலுக்கும் தன் கையால் லேபிள் எழுதி ஒட்டுவாள். வீட்டுக்காரர் இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது, "பாட்டில் கழுவுற வேலை, நிரந்தரம், அதனால விட்டுட்டேன்" என்பார். இவர் விட்டாராம்!

வீட்டில் அவள் ஆறு வருஷமாக ஒரு செண்டு செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது தடவை சரியாக வந்தது. மூடியைத் திறந்தால் முதலில் எலுமிச்சைத் தோல், அப்புறம் புது நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து மூக்கருகே வைத்தால் வருகிற வாசனை. பக்கத்து வீட்டம்மா ஒருமுறை மணிக்கட்டில் தடவிக்கொண்டு, மணிக்கட்டை மூக்கைவிட்டு எடுக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எதற்கு?

சின்ன ஆட்கள் செய்கிற செண்டுகளை மட்டும் விற்கிற கடை ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை கேட்டலாக் போடுவார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டில், அதன் கீழே செய்தவர் பெயர். அந்தப் பெயரில்தான் லேப் அக்காவுக்குக் கண். வாழ்க்கையில் ஆயிரம் பாட்டிலுக்கு லேபிள் எழுதியாயிற்று. தன் பெயர் போட்ட பாட்டில் ஒன்றாவது வேண்டாமா? ஆசை என்றால் அது மட்டும்தான் ஆசை. செண்டை முகர்ந்து பார்த்துவிட்டுக் கடையில் கேட்டது இரண்டே விஷயம், ஒரு ஃபார்ம், ஒரு நல்ல படம். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று வீட்டுக்காரர் போன வருஷம் ஃபார்மை வாங்கிப் பூர்த்தி செய்து அனுப்பினார். படத்துக்கு லைட் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். கேட்டலாக் அச்சாகி வந்துவிட்டது.

இந்த வருஷம் கடைக்கார மேடமே போன் செய்து சொல்லிவிட்டாள். "உங்க வீட்டுச் செண்டு எனக்குப் பிடிச்சிருக்கும்மா. ஆனா வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள படம் வரலன்னா அந்தப் பக்கத்த வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். மூணாவது வருஷம் உங்களக் கூப்பிட மாட்டேன்."

கெடு விழுந்ததும் வீட்டுக்காரருக்கு வேகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நண்பரிடமிருந்து ஒரு வளைய விளக்கு இரவல் வாங்கி வந்தார். முகத்துக்கு நேரே வைத்துப் பேசுகிறவர்கள் உபயோகிக்கிற விளக்கு அது. அதைப் பாட்டிலுக்கு முன்னால் நிறுத்தினார். லேப் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"தள்ளு, வெளிச்சத்த மறைக்கிற" என்று அதட்டினார்.

அவள் தள்ளி நின்றாள். படம் வந்தது. பாட்டிலின் வயிற்றில் வெள்ளை வெளேரென்று ஒரு வளையல். வளையலுக்கு நடுவே, நன்றாக உற்றுப் பார்த்தால், செல்போனைப் பிடித்தபடி பனியனோடு ஒரு மனுஷன். இவரேதான். தொப்பை கூடத் தெளிவு. அவளிடம் காட்டாமலே கடைக்கு அனுப்பியும் விட்டார் புண்ணியவான்.

மேடத்திடமிருந்து பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "பாட்டில் அழகு. உள்ளே பனியனோட ஒருத்தர் இருக்காரே, அவரையும் சேத்தா விக்கறீங்க?"

லேப் அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இதுல சிரிக்க என்ன இருக்கு? பாட்டில்தான் சரியில்ல. இவ்ளோ பளபளன்னு எவன் உன்ன வாங்கச் சொன்னான்? மங்கலான கண்ணாடி வாங்கிருக்கணும்" என்றார். கண்ணாடி பளபளவென்று இருப்பது அதன் குற்றமாம். நல்லவேளை, செண்டு மணக்கிறது என்று குறை சொல்லவில்லை.

புதன்கிழமை ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. ஒருவழியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்! இரண்டு கால், இரண்டு பல்பு, பல்பைச் சுற்றி மாட்ட வெள்ளைத் துணி போட்ட இரண்டு கூண்டு. அதற்குப் பெயர் சாஃப்ட்பாக்ஸ். கூடத்தில் சாப்பாட்டு மேஜையை ஓரம் தள்ளி, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று நட்டுவைத்தார். வீட்டுக்குள் நடக்க வழியில்லை. இந்தத் தடவை ஜாக்கிரதையாகச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று எடுத்தார்.

பாட்டிலில் இரண்டு சதுர ஜன்னல். மூக்குக் கண்ணாடி போட்ட மாதிரி பாட்டில் முறைத்துப் பார்த்தது. வியாழக்கிழமை முழுக்க விளக்கைத் தூக்கினார், இறக்கினார், சாய்த்தார். ஜன்னல் இடம் மாறியதே தவிரப் போகவில்லை. சாயங்காலம் அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "கண்ணாடிய எடுக்கறது லேசுப்பட்ட விஷயம் இல்ல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இதுக்குன்னே தனியா ஒரு லைட் இருக்காம், பாக்கணும்" என்று சோபாக் குழியில் போய் விழுந்தார்.

அடுத்த வருஷமாம். ஆறு வருஷத்து வேலையை ஒரு பிளக்கோடு சேர்த்துப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இந்த மனுஷனால் கால்மேல் கால் போட முடிகிறது! பேசினால் வாய்ச்சண்டை ஆகும், நேரம் போகும். லேப் அக்கா பாட்டிலைத் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. அவரிடம் விட்டுவைக்கப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி வகுப்பு முடிந்து லேபில் கெமிஸ்ட்ரி சார் மட்டும் இருந்தார். அடுத்த வாரத் தேர்வுக்காகத் தானே ஒருமுறை செய்து பார்த்துக்கொண்டிருந்தார். நீளமான கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிறத்தில் திரவம். எந்தக் கோட்டில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அக்கா, அந்த அட்டை எங்க? ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

அவள் கை, பத்தொன்பது வருஷப் பழக்கத்தில், மேல் இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டியது. பாதி வெள்ளை, பாதி கறுப்பு, அவளே ஒட்டிச் செய்தது. சார் அதைக் குழாய்க்குப் பின்னால் பிடித்தார். கண்ணுக்கே தெரியாமல் இருந்த திரவத்தின் விளிம்பு, மை போட்டு எழுதினாற்போல் பளிச்சென்று எழுந்து நின்றது.

லேப் அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

தூ, என்ன ஜென்மம் நான், என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தினமும் நாற்பது தடவை கண்ணாடிக்குப் பின்னால் அட்டை வைக்கிறவள், எண்ணூறு வீடியோ பார்த்த மூடனின் முதுகுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறாளே! கண்ணாடிக்கு முன்னால் எதை வைத்தாலும் அது மூஞ்சியில் அடித்தாற்போல் திருப்பிக் காட்டும். கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்றால் அதன் பின்னால்தான் வேலை செய்ய வேண்டும்.

சார் கிளம்பியதும் ஆரம்பித்தாள். மணி மூன்றே முக்கால். பாட்டிலைக் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒருமுறை அலசினாள். ஒரு சொட்டுத் தடம் கூடக் கிடையாது. பாட்டில் கழுவுகிறவள் என்றால் சும்மாவா? இரும்பு ஸ்டாண்டில் வடிகட்டுகிற பெரிய வெள்ளைத் தாளை அப்படியே முழுத்தாளாகக் கவ்வவைத்தாள். அதற்குப் பின்னால் தராசு மேஜையில் இருந்த சாதாரண மேஜை விளக்கு. தாள் முழுக்கப் பால் மாதிரி வெளிச்சம். தாளுக்கு முன்னால் பாட்டில். பாட்டிலுக்கு இரண்டு பக்கமும், படத்தில் விழாத தூரத்தில், கறுப்புச் சார்ட்டைக் கிழித்து இரண்டு பட்டை. இன்னொரு ஸ்டாண்டில் செல்போனைக் கவ்வவைத்தாள். டியூப்லைட்டுகளை அணைத்தாள். செல்போனில் மூன்று நொடி டைமர் வைத்துவிட்டு, தானும் தெரியக்கூடாது என்று மேஜைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

முதல் படத்தில் பட்டை எட்டிப் பார்த்தது. இரண்டாவதில் பாட்டில் கோணல். ஏழாவது படத்தில், செண்டு செய்தபோது போலவே ஏழாவதில், பாட்டில் வந்தது. இரண்டு பக்கமும் மெல்லிய கறுப்புக் கோடு, நடுவில் தேன் நிறத்தில் செண்டு, வளையல் இல்லை, ஜன்னல் இல்லை, பனியன் இல்லவே இல்லை. நாலரை மணிக்கு அனுப்பினாள்.

வீட்டில் படத்தைக் காட்டியபோது அவர் செல்போனைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ம். நான் சொன்ன ஆங்கிள்தான்" என்றார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தெருவில் போகிற வருகிற அத்தனை பேருக்கும் படத்தைக் காட்டினார். தன் அண்ணனுக்குப் போன் செய்து, "லைட் செலக்ஷன்ல இருக்குடா எல்லாம்" என்று பீற்றிக்கொண்டார். லேப் அக்கா காது கொடுக்கவில்லை. இதற்குப் போய் வாயை வீணாக்குவானேன்?

திங்கட்கிழமை காலை ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்த பாட்டில்களுக்கு அவள் லேபிள் எழுதிக்கொண்டிருந்தபோது கடையிலிருந்து அழைப்பு வந்தது. மேஜையில் இருந்த போனை அவர் தாவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"படம் வந்துதுங்க. பிரமாதம். பக்கம் உங்களுக்குத்தான்" என்றாள் மேடம். "யார் எடுத்தது?"

"நாங்கதான் மேடம். ரெண்டு சாஃப்ட்பாக்ஸ், ஐயாயிரத்தி ஐநூறு கெல்வின். நம்ம பட்ஜெட்டுக்கு அதுதான் பெஸ்ட். ஒரு வருஷம் ஆராய்ச்சி பண்ணித்தான் செலக்ட் பண்ணினேன். நம்ம வீட்லயே ஸ்டுடியோ மாதிரி ஒரு செட்டப்."

"அப்படியா சார்? பாட்டில் கழுத்துக்குக் கீழ, வளைவுல, குட்டியா என்னமோ தெரியுதேன்னு பெருசு பண்ணிப் பாத்தேன். கட்டம் கட்டமா ஒரு சார்ட். நானும் கெமிஸ்ட்ரி படிச்சவதான். அது தனிம அட்டவணை. உங்க ஸ்டுடியோல அது எதுக்கு சார்?"

லேபின் எதிர்ச்சுவரில், மேல் ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில், அந்தச் சார்ட் பல வருஷமாகத் தொங்குகிறது. கண்ணாடி அதையும் விட்டுவைக்கவில்லை.

"அது வந்து மேடம்... அது ஒரு... பேக்ரவுண்டு..." என்று இழுத்தார். லேப் அக்காவைப் பார்த்தார். இருபது வருஷமாகச் சொந்தக்காரர் வீட்டில், கடையில், ஆபீசில் இவர் உளறிவிட்டு இப்படிப் பார்ப்பதும், அவள் நடுவில் புகுந்து மானத்தைக் காப்பாற்றுவதும் வழக்கம். இந்தத் தடவை அவள் லேபிளில் ஒரு எழுத்தை நிதானமாக எழுதி முடித்தாள். திணறட்டும்.

"சரி, இருக்கட்டும், எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் மேடம். "செஞ்சவங்க பேரு, படம் எடுத்தவங்க பேரு, ரெண்டும் கீழ போடுவோம். போன வருஷ ஃபார்ம்ல செஞ்சவர்னு சார் பேரு இருக்கு. அதையே போட்டுடட்டுமா?"

லேப் அக்காவின் பேனா நின்றது.

"ஃபார்ம்ல யார் பேரு?"

"இல்ல... குடும்பத்துக்கு ஒரு பேரா இருக்கட்டுமேன்னு..." அவர் குரல் இறங்கிப்போய்விட்டது. "நீ நான்னு என்ன இருக்கு?"

இவ்வளவு நாளும் அவரைச் சோம்பேறி என்று நினைத்திருந்தாள். வெறும் வாய்ச்சவடால் என்று நினைத்திருந்தாள். அது அவள் அவருக்குக் கொடுத்த மரியாதை. ஆறு வருஷத்தைச் சத்தமில்லாமல் ஒரு பேனாவால் தூக்கித் தன் பையில் போட்டுக்கொள்கிற அளவுக்கு இவருக்குச் சுறுசுறுப்பு இருந்திருக்கிறது.

அவள் எழுந்து போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மேடம், ரெண்டு இடத்துலயும் ஒரே பேருதான். எழுதிக்கறீங்களா?"

தன் பெயரைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் யாரும் கூப்பிடாத, வீட்டில் கேட்டுப் பல வருஷமான பெயர். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இன்ஷியல்?"

கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு இருந்த எழுத்தை, அவள் அப்பாவுடைய எழுத்தை, சொன்னாள்.

அவர் அதிர்ந்துபோய் மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வந்து நின்று வாயைத் திறந்தார். அவள் உட்கார்ந்து, எழுதாத லேபிள் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"தள்ளுங்க" என்றாள், "வெளிச்சத்த மறைக்கறீங்க."