417-ஆம் டோக்கனின் சாயங்காலங்கள்

அந்த நூற்பு மில்லில் சம்பளத்தில் கைவைக்க மாட்டார்கள், சாயங்காலத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு மணி நான்கு அடித்தால் அடுத்து எட்டுதான். பிடித்ததையெல்லாம் மில்லின் டிரஸ்ட் பத்திரமாக வைத்திருந்து, ஐம்பத்தெட்டு வயதில் மொத்தமாகத் திருப்பித் தரும்.

முப்பத்தொரு வருடம் நூல் இழுத்த துளசிமணி ஓய்வு பெற்றதும் டிரஸ்டுக்குப் போய் நின்றாள். அவளுடைய டோக்கன் நம்பரான 417 என்று எழுதிய அலமாரியை கிளார்க் திறந்து காட்டினார். ஒரு துளி வெளிச்சம்கூட இல்லை.

"இது எப்பவோ செட்டில் ஆயிருச்சுங்களே அக்கா."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனையும் போனாலும் போகட்டும், மகள் சுகந்திக்கு முதல் பல் விழுந்த அந்த ஒரு சாயங்காலம் வேண்டும். எட்டு மணிக்கு வீடு வந்தபோது குழந்தை அழுது தூங்கியிருந்தாள். துளசிமணி கேஸ் போட்டாள்.

தீர்ப்பாயத்தில் குட்டு உடைந்தது. மில்லில் ஒருவர் நின்றுவிட்டால் அவருடைய டோக்கன் அடுத்து வருகிறவருக்குப் போவது வழக்கம். டிரஸ்டில் இருந்த மகானுபாவர்கள் பெயரைப் பார்க்கவில்லை, நம்பரைப் பார்த்தே பட்டுவாடா செய்திருக்கிறார்கள். 417 ஏற்கெனவே ஓய்வு பெற்றாயிற்று என்று துளசிமணியின் சாயங்காலமெல்லாம் பழைய 417 மருதாசலத்தின் வீட்டுக்கு அன்றன்றைக்கே போயிருக்கிறது.

மருதாசலத்துக்கு வயது எண்பத்தொன்பது. கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானென்னங்க பண்ணட்டும்? நாளுக்கு ரெண்டு சாயங்காலம் வந்துச்சு. ரிட்டயர் ஆனா அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்." பையிலிருந்து மூடி இறுக்கிய ஒரு தூக்குப்போசியை எடுத்தார். "இதை மட்டும் செலவு பண்ண மனசு வரலீங்க. உள்ளே ஒரு குழந்தை அம்மாவைக் கூப்பிட்டுட்டே இருந்துச்சு."

திறக்கச் சொன்னார் நீதிபதி.

காலை பதினொரு மணிக்கு அந்த அறையில் சாயங்காலம் இறங்கியது. மஞ்சள் வெயில் ஃபைல்களின்மேல் சாய்ந்தது. கூடு திரும்பும் மைனாக்கள் மின்விசிறிக்குக் கீழே பறந்தன. வக்கீல்கள் தாமாக எழுந்து நின்றார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். துளசிமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு அழகையா அன்றாடம் விட்டுக்கொடுத்தோம் என்று கைகூப்பியபடி நின்றாள். வெயிலுக்குள்ளிருந்து பாவாடை கட்டிய ஆறு வயது சுகந்தி நடந்துவந்து உள்ளங்கையை விரித்தாள்.

"அம்மா, பல்லு விழுந்துருச்சு."

துளசிமணி பல்லை வாங்கிப் பார்த்தாள், வாயைத் திறக்கச் சொல்லி ஓட்டையைப் பார்த்தாள், அழுதாள். மீதியைத் தேடிக் கொடுக்க டிரஸ்டுக்கு ஆறு மாதம் தவணை விதித்தார் நீதிபதி.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். துணைக்கு வந்திருந்த முப்பத்துநான்கு வயது சுகந்தி, சின்ன சுகந்தியைத் தூக்கித் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். கண்டக்டர் மூவரையும் பார்த்துவிட்டு இரண்டு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார்.