சீம்பால் போகாத தெரு

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பசு கன்று போட்டால் தெருவுக்கே சீம்பால் போகும். என் மாமியார் தனக்கொடிக்கு அதில் அவ்வளவு பெருமை. போன வருடம் பன்னிரண்டு வீடுகளுக்குத் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். கன்றுக்கு மிஞ்சியது இரண்டு மடக்கு. ஒன்பதாம் நாள் கழிச்சல் கண்டது, பன்னிரண்டாம் நாள் செத்துப்போனது.

சாணத்தைப் பரிசோதித்தால் கொரோனா. மாமியார் பயந்துபோய் முகக்கவசத்தைத் தேடினார். நமக்கு வந்தது வேறு, இது மாட்டு வகை என்று அவருக்குப் பாடம் நடத்தினேன். கால்நடை ஆய்வகத்தில் ரத்தத்தில் நோய் எதிர்ப்பொருள் அளப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. நம் குழந்தைகள் வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து அதை வாங்கிக்கொள்கின்றன. கன்றுக்கு அந்த வழி கிடையாது, சீம்பால் ஒன்றுதான். இவ்வளவும் தெரிந்த நான்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

இந்த வருடம் விடிகாலையில் பசு கன்று போட்டது. லீவு சொல்லிவிட்டுக் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மொத நாள் பாலு பூரா கன்னுக்குட்டிக்குத்தான் அத்த. ஒரு வூட்டுக்கும் கெடையாது."

"தெருவுல நான் எப்படித் தல காட்டுறது? கருமின்னு சொல்லுவாங்க நிர்மலா."

"கருமின்னு என்னயச் சொல்லட்டும்."

சொன்னார்கள். பக்கத்து வீட்டு ஜஹபர் நிஷா கிண்ணத்தோடு வந்து, வெறும் கிண்ணத்தோடு திரும்பினார். மாமியார் அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

இரண்டாம் நாள் கன்றின் ரத்தத்தை நானே அளந்தேன். எதிர்ப்பொருள் தாராளமாக இருந்தது. ஆனாலும் ஒன்பதாம் நாள் வரும்வரை நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த நாளும் வந்தது, கழிச்சலும் வந்தது. அதே கொரோனா. "பாலயும் குடுக்கல, இப்ப இதுவும் போவப் போவுது" என்று மாமியார் மூக்கைச் சிந்தினார். படுத்துவிட்ட கன்றுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் கிடந்தேன். மறுநாள் மாலை கன்று தானாக எழுந்து, மாமியார் முந்தானையைக் கவ்வி இழுத்தது.

அவர் நேராக நிஷா வீட்டு வாசலுக்குப் போனார்.

"சீம்பால் எங்க கன்னுக்குட்டி வயித்துல இருக்குதும்மா. கொரோனாவயே வெரட்டிட்டு நிக்குது, வந்து பாரு. என் மருமவ காவல் காத்தா."

பன்னிரண்டு வீடுகளுக்கும் சொல்லிவிட்டுத்தான் திரும்பி வந்தார்.