பின்வரிசையிலிருந்து ஒரு பெண் பார்த்தல்

1

மேலே ஏறும் எஸ்கலேட்டரில் ஆரோக்கியதாஸ் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். ஓட்டமாக. ஒரு கையில் பாப்கார்ன் டப்பா, இன்னொரு கையில் அவிழப் பார்த்த கிறிஸ்துமஸ் வேட்டி. எதிரே ஏறி வந்த குடும்பத்தின் தலையில் பாப்கார்ன் மழை பொழிந்தது.

"வழி வுடுங்க! வழி வுடுங்க! எம்பட புள்ளையக் காணோமுங்க!"

உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட வேகமாக இவர் வெளியே ஓடிக்கொண்டிருந்தார். படத்தின் நடுவில் அவருடைய ஒரே மகள் ஃபெமினா எழுந்து போய்விட்டாள். அவளுக்குப் பின்னாலேயே, இருட்டில், ஓர் இளைஞனும்—

நிற்க.

2

இப்படித் தொடங்கியதற்குக் காரணம் பழக்கம். வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதி வளர்ந்த கை இது. முதல் பத்தியில் யாராவது ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் உதவி ஆசிரியர் போன் செய்து, "ஏன் சார், எல்லாரும் உக்காந்தே இருக்காங்க?" என்பார்.

உண்மையில் கதை பிறந்த இடம் என் அக்கா கிருபாவதியின் சாப்பாட்டு மேஜை. கிறிஸ்துமஸ் மதியம். பிரியாணியின் கடைசிக் கரண்டியைப் போட்டுக்கொண்டே அவள் என் காதில் சொன்னாள்: "நீயும் படத்துக்கு வந்துரு. நீ வந்தாத்தான் சும்மா குடும்பமா வந்த மாதிரி இருக்கும்."

சும்மா வந்த மாதிரி இருக்க வேண்டும் என்றால் சும்மா வரவில்லை என்று பொருள். கொலைக்கதை எழுதுகிறவனுக்கு இது கூடவா தெரியாது?

விஷயம் இதுதான். ஃபெமினாவுக்கு முப்பத்திரண்டு வயது. பீளமேட்டில் ஐ.டி. வேலை. இதுவரை பல குடும்பங்கள் சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்து, கேக் சாப்பிட்டு, அவளை ஏற இறங்கப் பார்த்து, "சொல்லி அனுப்பறமுங்க" என்று எழுந்து போயிருக்கின்றன. ஒருவரும் சொல்லி அனுப்பியதில்லை. கடைசியாக வந்தவர்கள் போன அன்று அவள் அப்பாவிடம், "இனி யாரு முன்னாடியும் காபித் தட்டோட வந்து நிக்க மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டாள்.

அக்காவின் வீட்டுக்காரர் ஆரோக்கியதாஸ் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறைக்காரர். ஒரு வழியில் கரண்ட் போகவில்லை என்றால் வேறு வழியில் கொடுத்துப் பார்ப்பார். ஆர்.எஸ்.புரத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசி முடித்தார்: இரண்டு குடும்பமும் ஒரே படத்துக்கு வருவது, ஒரே வரிசையில், தற்செயலாக, அடுத்தடுத்து உட்காருவது, பெண்ணுக்குத் தெரியாமல் பெண்ணைப் பார்ப்பது.

ஆமாம். பெண் பார்ப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், தமிழ்நாட்டிலேயே பட்டப்பகலில் இருட்டாக இருக்கும் ஒரே பொது இடம்.

3

(இந்தப் பகுதி வேறு மாதிரி இருந்தது. "வாசிப்பு என்பது மனிதனின் தனிமைக்கு" என்று தொடங்கி, எனக்கே கொட்டாவி வந்ததால் கைவிட்டேன். ஆனால் வாசிப்பைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது.)

ஃபெமினா அந்த வாரம் முழுக்க, ஆபீஸ் பஸ்ஸிலும் வீட்டிலும், செல்போனில் ஒரு துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நர்சிங் ஹோம், ஒரு பிணம், சந்தேகத்துக்குரிய ஒரு டாக்டர். எழுதியவன் நான். கோயமுத்தூரில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டார்கள். புத்தகத்தை வாங்கிய ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை.*

* வாட்ஸப்பில் பி.டி.எஃப். முதலில் அனுப்பி வைத்த புண்ணியவதி என் அக்கா. "என் தம்பி எழுதினது, நல்லா இருக்காது, ஆனா சும்மாதானே" என்ற முன்னுரையோடு.

4

தியேட்டருக்குள் நுழைந்ததும் முதல் அதிர்ச்சி. நாங்கள் ஒரு வரிசை. மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்கு நேர் பின்வரிசை.

ஆரோக்கியதாஸ் செல்போனில் இருந்த டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போனைத் தலைகீழாகவும் பார்த்தார். "ஒரே வரிசைன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிவுட்டனே! கம்ப்யூட்டரு மாத்திப்போட்டிருச்சுங்க மச்சான்."

"பேசாம உக்காருங்க. அவிங்க காதுல உழுகுது" என்றாள் அக்கா.

உடனே நாடகத்தை ஆரம்பித்தார் மச்சான். "அட! ஏனுங்க, நீங்களும் இந்தப் படத்துக்கா! ஃபெமினா, இவிங்க அப்பாவோட பழைய ஃப்ரெண்டு கண்ணு!" பழைய ஃப்ரெண்டின் பெயர் அந்த நேரம் பார்த்து அவருக்கு மறந்துவிட்டது. ஃபெமினா திரும்பி ஒரு வணக்கம் வைப்பதற்குள் விளக்கு அணைந்தது.

ஆக, பெண்ணின் முகத்தைப் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் பின்னந்தலையைப் பார்த்தார்கள். ஒரு கிளிப், கொஞ்சம் மல்லிகை, இரண்டு காது. திரையில் கதாநாயகன் ஒரே உதையில் ஒரு லாரியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பனும் தாத்தனும் முந்தைய காட்சியில்தான் செத்திருந்தார்கள். பண்டிகைப் படம் அல்லவா!

பின்னால் மாப்பிள்ளையின் அம்மா அவ்வப்போது கிசுகிசுப்பது தெரிந்தது. என்ன பேசுகிறார் என்பது எனக்குக் கேட்கவில்லை. நான் வரிசையின் ஓரத்தில். ஃபெமினா அவருக்கு நேர் முன்னால். இடைவேளை வரட்டும், விளக்குப் போட்டதும் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

ஃபெமினா படம் பார்க்கவில்லை. வெளிச்சத்தைக் குறைத்து வைத்து என் நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள். பிணம் கிடைத்துவிட்ட அத்தியாயம்.

அப்போது அவளுடைய தோளுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், தெளிவாக: "ஏனுங்க, அந்த டாக்டருதானுங்க கொலைகாரன். போனை அணைச்சுப்போடுங்க, கண்ணு கூசுது."

ஃபெமினா எழுந்தாள். வெளியே போனாள்.

"எந்திரிச்சுப் போயி மன்னிப்புக் கேளுடா!" என்று ஒரு தாயின் சீற்றம். மாப்பிள்ளையும் போனான்.

இரண்டு பேரையும் காணாமல் ஆரோக்கியதாஸ் ஓடினார். மூன்று பேரையும் காணாமல் நான் ஓடினேன். எஸ்கலேட்டர் காட்சி இந்த இடத்தில்தான் வருகிறது. பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மகள் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால் இந்தச் சம்பந்தமும் போச்சு, இனி அப்பாவின் பேச்சை அவள் நம்பப்போவதும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பாப்கார்ன் அதனால்தான் அப்படிச் சிந்தியது.

5

ஓர் இடைச்செருகல். இந்த ஜெஃபினை, மாப்பிள்ளையின் பெயர் அதுதான், என்னால் நம்ப முடியவில்லை. காலேஜில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறவன். கண்ணாடி, கட்டம் போட்ட சட்டை, ஒழுங்கான தாடி. என் தொடர்கதைகளில் இப்படி ஒருவன் வந்தால் ஐந்தாவது வாரத்தில் அவன் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு கை எடுக்கப்படும். ஃப்ரிட்ஜ் இல்லாத கதையில் இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? முதல் வரைவில் அவனுக்குக் கன்னத்தில் ஒரு தழும்பு போட்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டேன்.

6

கீழ்த்தளத்தில் பெரிய கிறிஸ்துமஸ் மரம் வைத்திருந்தார்கள். மரம் முழுக்கப் பஞ்சுப் பனி. மில் ஊரில் பனி வேறு எப்படிப் பெய்யும்? அதற்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கும் படிக்கட்டு. அதில் இரண்டு பேரும் ஒரு படி இடைவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஆரோக்கியதாஸும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தோம். இரண்டு பெரிய மனிதர்கள்.

"கோவிச்சுக்காதீங்க. டாக்டருன்னு சும்மா அடிச்சுவுட்டனுங்க" என்றான் ஜெஃபின். "நானே இன்னும் முடிக்கல."

"ஏன்?"

"பாதியில வுட்டுப்போட்டேன். செம போருங்க."

"எழுதினது எங்க மாமா."

ஒரு கார் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"முதல் பாதி நல்லா இருந்துச்சுங்க" என்றான் அவன்.

"பொய்."

"ஆமாங்க. பொய்."

ஃபெமினா சிரித்தாள். ஆரோக்கியதாஸ் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். வாழ்த்தா, ஆறுதலா என்று நான் கேட்கவில்லை.

பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "உங்கம்மா பாட்டு முடிஞ்சதும் ஒண்ணு சொன்னாங்கல்ல? 'பின்னாடி இருந்து பாத்தாலே வயசு தெரியுது, உனக்கு அக்கா மாதிரி இருக்கா'ன்னு."

பக்கத்தில் ஆரோக்கியதாஸ் பாப்கார்ன் டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

ஜெஃபின் கண்ணாடியைக் கழற்றினான். துடைத்தான். மறுபடி மாட்டினான். "கேட்டிருச்சுங்களா?"

"கேட்டுச்சு. அதுக்கு நீங்க ஏதோ பதில் சொன்னீங்க. அந்த நேரம் பாத்து அந்த ஹீரோ கத்தித் தொலைச்சான். அது மட்டும் கேக்கல."

"இப்பச் சொல்லட்டுங்களா?"

"அங்க சொன்னதை மட்டும் சொல்லுங்க. எனக்காக மாத்தாதீங்க."

அவன் சொல்ல வாயெடுத்தான். ஆரோக்கியதாஸின் சட்டைப் பையில் போன் அடித்தது. பட்டறை இரைச்சலிலும் காதில் விழுவதற்காக வைத்த ரிங்டோன். மரத்தின் பஞ்சு அதிர்ந்தது. போனில் அக்கா: "ஏனுங்க, இடைவேளை வுட்டாச்சு, அவிங்க எந்திரிச்சு நிக்கறாங்க, நான் ஒருத்தியா எத்தனை தடவை ஹேப்பி கிறிஸ்துமஸ் சொல்றது?"

நாங்கள் மரத்தை விட்டு வெளியே வந்தபோது அவன் சொல்லி முடித்திருந்தான். ஃபெமினா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"வாங்கப்பா" என்றாள். "மிச்சப் படத்தைப் பாக்கலாம்."

7

அவன் அம்மாவுக்கு என்ன பதில் சொன்னான்?

"எனக்குந்தான் வயசாகுதும்மா" என்று சொன்னதாக எழுதினால் வாரப் பத்திரிகை ஏற்றுக்கொள்ளும். ஓவியர் இரண்டு பேரையும் படிக்கட்டில் உட்கார வைத்துப் படம் போடுவார். "மெதுவாப் பேசுங்கம்மா, கேட்டுரும்" என்று சொன்னதாக எழுதினால் இலக்கியப் பத்திரிகை ஏற்கும். அது நல்ல மனசா, கோழைத்தனமா என்று நான்கு பேர் கட்டுரை எழுதலாம். "ஆமாம்மா" என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் ஏற்க மாட்டார்கள். அதனாலேயே அது நடந்திருக்கவும் கூடும்.

எனக்குத் தெரியாது. ஃபெமினா சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டிலிருந்து சம்மதம் என்று போன் வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் சம்மதம். பங்குச் சாமியாரிடம், கோயிலில் எல்லோரும் அறியக் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லட்டுமா என்று அப்பா தினமும் கேட்கிறார். அவள், "யோசிச்சுச் சொல்றனுங்க" என்கிறாள். வேண்டும் என்பதையோ வேண்டாம் என்பதையோ நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தை நான் காலியாகத்தான் விட்டிருக்கிறேன். எனக்கு இருக்கும் பெயருக்கு நான் எது எழுதினாலும் போர் என்பீர்கள்.

8

ஆனால் ஒன்றை உங்களிடமிருந்து மறைத்துவிட்டேன். டிக்கெட் எடுத்தது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. பட்டறையில் இருக்கிற மனிதருக்கு ஆன்லைனில் சீட்டுப் போடத் தெரியுமா? வீட்டில் யாரிடம் சொல்லியிருப்பார்? "நம்ம ஃப்ரெண்டு குடும்பத்துக்கும் சேத்து, ஒரே வரிசையாப் போடு கண்ணு."

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் ஃபெமினா தன் ஸ்கூட்டரில் என்னை சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டபோது, "ஏன் அம்மணி, சீட்டு எப்படி மாறுச்சு?" என்று கேட்டேன்.

"மாறலீங்க மாமா, நாந்தான் மாத்திப் போட்டேன்" என்றாள். "ஃப்ரெண்டுன்னு அப்பா சொன்னப்பவே தெரியும். அவருக்கு ஏது ஃப்ரெண்டு?" ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினாள். "இத்தனை பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. வெளிய போயி என்ன பேசிக்கிட்டாங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. ஒரு தடவையாச்சும் எம்பட காதால கேக்கோணும்னு இருந்துச்சுங்க. அதான் அவிங்களப் பின்னாடி உக்கார வெச்சேன்."