அம்மா பார்த்தது

"மூக்குத்தி எடப்பக்கம்ணே. வலப்பக்கம் வரைஞ்சிட்டீங்க" என்று சாரம் கடைத்தெருவில், படம் வரைந்து தரும் ஸ்டுடியோவில் ராஜ்கமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"நேர்ல பாத்த மாதிரியே பேசுறியே தம்பி. நீ பொறந்த அன்னிக்கே அம்மா போயிட்டாங்கன்னு சொன்ன?"

"பாத்தேண்ணே!"

வாசலில் நின்ற அவன் மனைவி மேனகாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்னோரின் நினைவு உடம்பில் தங்கியிருக்கிறது, அதைக் கருவியால் எழுப்பலாம் என்று ஆராய்ச்சி நடத்தும் கம்பெனியில் அவளுக்கு வேலை. நாற்காலியில் சாய்ந்தவர்கள் முனகுவதையெல்லாம் தட்டச்சு செய்ய வேண்டும். ஊழியர் குடும்பத்துக்கு இரண்டு முறை இலவசம். ராஜ்கமல் தாய்வழியைக் கேட்டான். முதல் முறை கண்விழித்ததும், "அம்மா சிரிச்சாங்க மேனகா" என்று விம்மினான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தாயின் நினைவில் அவள் பார்த்ததெல்லாம் வரும், அவள் மட்டும் வரமாட்டாள். பயிற்சியில் முதல் நாள் சொல்லித்தந்த பாடம் அது. ஆனால் அவன் அதற்குள் முதலியார்பேட்டைச் சித்தி வரை எல்லோருக்கும் போன் போட்டுவிட்டான். போட்டோ இல்லாத அம்மாவுக்கு வருஷா வருஷம் மணையில் ஒரு புதுப்புடவையை மடித்து வைத்து, அதற்கே பொட்டிட்டுப் படைத்த வீடு. இந்த வெள்ளிக்கிழமைப் படையலுக்குப் படமே வரப்போகிறது.

வண்டியில் திரும்பும்போது, சிக்னலில், அவன் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, அது அத்தை இல்ல. அத்தை கண்ணாலதான நீங்க பாத்தீங்க? அவங்க மொகம் அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அலறியது. அவன் நகரவில்லை.

"அப்ப அது யாரு?"

"யாரோ. அத்தைக்குப் புடிச்சவங்களா இருக்கும்."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கேட்டான்: "கண்ணாடி பாத்திருக்க மாட்டாங்களா?"

படத்தை வாங்க அவன் போகவில்லை. வியாழக்கிழமை மதியம் மிச்சமிருந்த இன்னொரு முறைக்காக நாற்காலியில் சாய்ந்தான். மேனகா கணினிமுன் உட்கார்ந்தாள். தெருக்குழாய், வரிசை, யாரோ யாரையோ திட்டுவது, ஒரு கைநிறையக் கண்ணாடி வளையல். எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே வந்தாள்.

"கொடம் ரொம்பிடுச்சி" என்றான் கண்ணை மூடியபடி. "தண்ணி ஆடுது... நிக்கட்டும், நிக்கட்டும்."

மேனகாவின் விரல்கள் நின்றுவிட்டன.

அவன் கழுத்து நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து முன்னால் நீண்டது.

"குனிம்மா" என்றான். "இன்னும் கொஞ்சம் குனி."