அக்கா கண்டுபிடித்த ஆள்

கல்லூரி நூலகர் புனைபெயரில் எழுதும் நகைச்சுவைத் துப்பறியும் தொடரில் மூன்றாவது புத்தகமும் வந்துவிட்டது. வளாகத்தில் ஒரு கொலை விழும். வேதியியல் வாத்தியாரும் அவருடைய காதலரும் டீ குடித்தபடியே துப்புத் துலக்குவார்கள். காதலரும் ஆண்தான்.

நூலகரோடு குடியிருக்கும் இயற்பியல் வாத்தியாரை வெறும் நண்பர் என்றே தெருவில் பலர் நம்பினார்கள். வேலைவெட்டியில்லாமல் எட்டிப் பார்க்கும் நம்மைப் போன்றவர்கள் நம்பவில்லை. வாத்தியாரின் அக்காவுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்று இருவரும் பயந்தார்கள். அந்த அக்காவோ துப்பறியும் கதைக்காகச் சோற்றையே மறப்பவர்.

ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து ஃபோன் வந்தது. நூலகர்தான் எடுத்தார்.

"லைப்ரரியன் சார், இந்தக் கதையெல்லாம் நீங்கதானே எழுதறீங்க?"

"எந்தக் கதைங்கக்கா?"

"நடிக்காதீங்க. எந்த நாற்காலியானாலும் ஆட்டிப் பாத்துட்டு உக்கார்ற ஆள் உலகத்துல ஒருத்தன்தான். அவன் என் தம்பி."

கதையில் வரும் காதலருக்கு உயரம், நிறம், வேலை எல்லாவற்றையும் நூலகர் மாற்றியிருந்தார். இதை மட்டும் மாற்றத் தோன்றவில்லை. வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியதில், ஆண்கள் எல்லோருமே அப்படித்தான் உட்காருவார்கள் என்று நினைத்துவிட்டார்.

பக்கத்தில் வாத்தியார் வெளிறிப்போய் நின்றார்.

"ரெண்டு பேரும் அடுத்த வாரம் இங்க வாங்க," என்றார் அக்கா. "மாடி ரூம்ல ஒரு கட்டில்தான் கிடக்கு. போதும்ல?"