எவாரிஸ்தோவின் துணி

வாரக்கடைசி வந்துவிட்டால் எங்கள் கூட்டத்துக்குக் கால் தரையில் நிற்காது. குளிருக்குப் பயந்து கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மெக்சிகோவின் மெரிதா நகரத்துக்கு ஓடிவந்த பென்ஷன் கும்பல் நாங்கள். சனிக்கிழமை யார் வீட்டுக் கல்யாணத்திலாவது, கருமாதியிலாவது மூக்கை நுழைப்பது. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி மார்னி வீட்டு மொட்டைமாடியில் தின்றுகொண்டே அதைப் பீற்றிக்கொள்வது. இதற்குப் பண்பாட்டு அனுபவம் என்று பெயராம். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் போவேன்.

அக்டோபர் கடைசியில் பக்கத்து வீட்டு எர்மெலிந்தா என்னைத் தன் ஊருக்குக் கூப்பிட்டாள். அவள் ஊரில், புதைத்துச் சில வருடம் ஆனதும் எலும்புகளை எடுத்து மரப்பெட்டியில் வைத்துவிடுவார்கள். வருடம் ஒருமுறை வீட்டார் உட்கார்ந்து அவற்றைத் துடைத்துப் புதுத்துணி விரிப்பார்கள். துணிதான் இறந்தவருக்கு உடுப்பு. எர்மெலிந்தா வீட்டு வழக்கத்தில் பழைய துணியைத் தூக்கி எறிவதில்லை, மடித்துப் புதியதற்கு அடியில் வைத்துவிடுவாள். தன் புருஷன் எவாரிஸ்தோவைத் துடைக்கும்போது என்னைக் கூட இருக்கச் சொன்னாள். இதுவரை வெளியார் ஒருவரைக்கூட அவள் அழைத்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேசாமல் பஸ்ஸில் போயிருக்க வேண்டும். வேன் வைத்திருக்கிறாளே என்று மார்னியிடம் சொல்லித் தொலைத்தேன். "நானே கொண்டு விடறேன்" என்றவள், தானும் புருஷன் க்ளிஃபுமாக இறங்கிக் கல்லறைத்தோட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டாள்.

எர்மெலிந்தா என்னைத் தனியாக இழுத்தாள். "இவங்களுமா அக்கா?"

"ஓரமா நிப்பாங்க. ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"சரி, போட்டோ மட்டும் வேணாம்."

நல்ல ஓரம்! க்ளிஃப் பெட்டிக்குள்ளேயே ஃபோனை நீட்டினான். "மண்டையோட்டுல முடி இருக்கு பாரு மார்னி! ஒட்டிக்கிட்டே இருக்கு!" நான் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

எர்மெலிந்தா எதையும் காதில் வாங்கவில்லை. மடியில் வைத்து ஒவ்வொரு எலும்பாகத் துடைத்தபடி புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள். "காதுல பாரு எவ்ளோ தூசி. உயிரோட இருந்தப்பவும் கழுவுன்னா கேட்டியா நீ? மூதேவி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்படி ஒரு அன்னியோன்னியத்தை நான் என் இரண்டு கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

பழைய துணியை மடித்துக் கல்லறைச் சுவர்மேல் வைத்திருந்தாள். ஓரத்தில் நீலப்பூ, நடுவில் புருஷன் பெயர், எல்லாம் அவள் கைத்தையல். வெயில் தாங்கவில்லை, பசிக்கிறது என்று மார்னியும் க்ளிஃபும் வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். எர்மெலிந்தா திரும்பிப் பார்த்தபோது சுவரில் துணி இல்லை.

கல்லறைக்குக் கல்லறை மண்டியிட்டுத் தேடினோம். "காத்து தூக்கிட்டுப் போயிருக்குமோ?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். "அது இல்லாம எப்படி அக்கா அவரை மூடுவேன்? அரைகுறை உடுப்போடவா?" கடைசியில் பெட்டியை மூடாமலே வைத்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை. துணி கிடைக்காவிட்டால் இவள் சிநேகமும் எனக்கு அவ்வளவுதான் என்று புரிந்தது.

மறுநாள் மார்னி வீட்டுக்கு, கல்லறையில் அவர்கள் நடந்துகொண்ட விதத்துக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் போனேன். போன இடத்தில் முதலில் தட்டைக் கையில் கொடுத்தார்கள். மஞ்சள்கருவைப் பிசைந்து நிரப்பிய முட்டை. இரண்டு தின்றேன். மூன்றாவதை எடுக்கும்போது பாத்திரம் நகர்ந்தது. அதன் அடியில் நீல நூலில் எவாரிஸ்தோ என்று இருந்தது.

பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன்.

"அழகா இருக்கில்ல?" என்றாள் மார்னி. "சுவத்துல கெடந்துச்சு. குப்பையில போடத்தானே வச்சிருந்தாங்க? இந்தக் காப்பிக் கறை மட்டும் போகவே மாட்டேங்குது."

"அது காப்பி இல்லடி. ஒரு வருஷமா அவரோட எலும்பு படுத்திருந்த துணி அது."

"ஐயோ!" மார்னி கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். வெட்கத்தில் இல்லை, கிருமிக்குப் பயந்து! க்ளிஃப் தன் தட்டை மோந்து பார்த்தான். "வேணும்னா அந்தம்மாவுக்கு ஏதாவது குடுத்துடலாம்பா" என்றான். சீ, இதுகளோடு உட்கார்ந்து இத்தனை ஞாயிறு தின்றிருக்கிறேனே என்று உடம்பே கூசியது. துணியை இழுத்தேன். முட்டை, பாத்திரம், கண்ணாடி டம்ளர் எல்லாம் கீழே சரிந்தன. திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

எர்மெலிந்தா கதவைத் திறந்தாள். துணியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததே, அது போதும் என்று நினைத்தேன். விரித்துப் பெயரைத் தடவினாள். நடுவில் இருந்த எண்ணெய் வட்டத்தில் விரல் நின்றது.

"முட்டை வாசனை வருதே."

"மேஜையில விரிச்சிருந்தாங்க எர்மெலிந்தா. தெரியாம..."

"இது மேல வச்சு சாப்பிட்டாங்களா?"

"ஆமா."

"நீங்களும் சாப்பிட்டீங்களா அக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமென்று தலையசைத்தேன்.

அவள் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள், எங்கே மறுபடி நான் அதைத் தொட்டுவிடுவேனோ என்பதுபோல.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றாள்.